வோல்ஃப்ராம் நோய்க்குறி: டான்ட்ரோலீன் சோதனையை நம்பி மகனுக்கு மருந்து கேட்கலாமா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

வணக்கம். இந்தக் குழுவில் இதுவரை படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை.

என் மகனுக்கு 14 வயது. ஆறு வயதில் சர்க்கரை வந்தது. முதல் வகை என்று சொல்லி இன்சுலின் தொடங்கினார்கள், நாங்களும் அப்படியே பழகிக்கொண்டோம். ஐந்தாம் வகுப்பு முடியும் சமயம் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றான். கண்ணாடி போட்டும் தேறவில்லை. சிவப்புப் பேனாவையும் பச்சைப் பேனாவையும் மாற்றி எடுக்க ஆரம்பித்தான். ஒரு கண் மருத்துவர்தான் பார்த்துவிட்டு, "இது சர்க்கரையால் வந்த பாதிப்பு இல்லை, பார்வை நரம்பே வெளுத்துப்போயிருக்கிறது, மரபணுச் சோதனை செய்யுங்கள்" என்றார். வோல்ஃப்ராம் நோய்க்குறி என்று முடிவு வந்திருக்கிறது. டபிள்யூஎஃப்எஸ்1 மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே பிழை. நான் என் அத்தை மகனைத்தான் கட்டிக்கொண்டேன்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் ஒருவர் செய்தி அனுப்பினார். செயின்ட் லூயிஸ் நகரத்தில் டான்ட்ரோலீன் என்ற பழைய மருந்தை இந்த நோய்க்குச் சோதித்திருக்கிறார்களாம். ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் மருந்து, மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுத்துவிடு என்கிறார். எங்கள் மருத்துவர் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நாள் போகப் போகப் பையனின் பார்வை குறைகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பீட்டாசெல் எழுதியது:

அக்கா, வணக்கம். நான் மருத்துவர் இல்லை. நீரிழிவு ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன், இந்த நோயைப் பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவன். எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன், மகனுக்கான முடிவை அவனைப் பார்க்கிற மருத்துவரோடு சேர்ந்து எடுங்கள்.

முதலில் அந்தக் கண் மருத்துவருக்கு நன்றி சொல்ல வேண்டும். 16 வயதுக்குள் சர்க்கரையும் பார்வை நரம்புச் சிதைவும் சேர்ந்து வந்தால் வோல்ஃப்ராமைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பழைய விதி. ஆனாலும் பலருக்கு ஆண்டுக்கணக்கில் முதல் வகை என்றே மருத்துவம் நடக்கிறது. 1938இல் மேயோ கிளினிக்கில் வோல்ஃப்ராம், வேகனர் என்ற இரு மருத்துவர்கள் ஒரே குடும்பத்தில் நான்கு பிள்ளைகளுக்குச் சர்க்கரையும் பார்வை இழப்பும் சேர்ந்து இருந்ததை எழுதினார்கள். மரபணு பிடிபட்டது 1998இல். 1995இல் பிரிட்டனில் 45 நோயாளிகளை வைத்து வந்த ஆய்வு, அங்கே சுமார் 7,70,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அதில் சர்க்கரை வரும் வயது பெரும்பாலும் ஆறு, பார்வை நரம்பு பாதிக்கும் வயது பெரும்பாலும் பதினொன்று. உங்கள் மகனின் கதை அப்படியே அதில் இருக்கிறது.

இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி கணையத்தைத் தாக்குவதில்லை. செல்லுக்குள் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்று ஒரு பகுதி உண்டு. புரதங்கள் அங்கேதான் மடிக்கப்படுகின்றன, கால்சியமும் அங்கேதான் சேமிக்கப்படுகிறது. டபிள்யூஎஃப்எஸ்1 மரபணு தரும் வோல்ஃப்ராமின் என்ற புரதம் அந்தப் பகுதியின் சவ்வில் உட்கார்ந்து வேலை செய்கிறது. அது கெட்டுப்போனால், விரிசல் விட்ட மாடித் தொட்டி மாதிரி கால்சியம் வெளியே கசிகிறது. கசிந்த கால்சியம் கால்பெய்ன் 2 என்ற நொதியை மிதமிஞ்சித் தூண்டுகிறது, செல் இறக்கிறது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்கும் நரம்புச் செல்லுக்கும் இந்தச் சுமை தாங்காது. அதனால்தான் சர்க்கரை, கண், காது, மூளைத்தண்டு என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மாதிரி தெரிகிற பாதிப்புகள் ஒரே பிள்ளைக்கு வருகின்றன.

டான்ட்ரோலீன் அந்தக் கசிவு நடக்கும் வழிகளில் ஒன்றை, அதாவது ரயனோடின் ஏற்பி என்ற வாயிலை, அடைக்கிறது. உங்கள் உறவினர் சொன்ன செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபுமிஹிகோ உரானோவின் குழு 2014இல், நோயாளிகளின் செல்களிலும் எலிகளிலும் இந்த மருந்து செல் இறப்பைத் தடுக்கிறது என்று காட்டியது. மனிதர்களிடம் சோதனை வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சோதனையின் முடிவு 2021இல் வெளிவந்தது. சேர்ந்தவர்கள் இருபது சொச்சம் பேர், பிள்ளைகளும் பெரியவர்களும். ஆறு மாதம் வாய்வழி மருந்து, விரும்பியவர்களுக்கு அதற்கு மேலும் நீட்டிப்பு. எல்லாருக்கும் மருந்துதான், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை யாருக்கும் இல்லை. மருந்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் குழுவாகப் பார்த்தால் பீட்டா செல்லின் வேலை குறிப்பிடும்படி மேம்படவில்லை. பார்வையும் நரம்பு மண்டலமும் ஆறு மாதத்தில் மாறவில்லை. தொடக்கத்தில் பீட்டா செல் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதற்கும் மருந்துக்குப் பின் வந்த மாற்றத்துக்கும் தொடர்பு தெரிந்தது. அதை வைத்து, இந்தத் திசையில் மேலும் ஆராயலாம் என்று முடித்தார்கள்.

உறவினர் அனுப்பிய செய்தியில் இந்தக் கடைசிப் பகுதி இருந்ததா என்று ஒருமுறை பாருங்கள்.

---

மருந்துக்கடை முத்து எழுதியது:

மருந்தாளுநராக என் பங்குக்குச் சொல்கிறேன் சகோதரி. "ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் மருந்து" என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயம் வரும். விற்பனையில் இருக்கிறது என்றால் வேறு ஒரு நோய்க்கு, வேறு ஒரு அளவில், வேறு ஒரு கால அளவுக்குப் பாதுகாப்பானது என்று பார்த்திருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள்.

டான்ட்ரோலீன் தசையைத் தளர்த்தும் மருந்து. அறுவை சிகிச்சையில் மயக்க மருந்து கொடுக்கும்போது சிலருக்குத் திடீரென்று உடல் கொதித்து உயிர் போகும் நிலை வரும். அதற்கு ஊசியாகப் போடுவது இதுதான், அந்த இடத்தில் இதற்கு மாற்றே இல்லை. முதுகுத்தண்டு அடிபட்டோ பக்கவாதத்தாலோ தசை இறுகிப்போனவர்களுக்கு மாத்திரையாகக் கொடுப்பார்கள். அந்த மாத்திரைப் பெட்டியின் விவரத்தாளில் கல்லீரல் கெடலாம் என்று அமெரிக்காவின் ஆகக் கடுமையான எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். நீண்ட நாள் சாப்பிட்டால் கல்லீரல் சோதனையை விடாமல் செய்ய வேண்டும். தசை தளர்வதால் சோர்வும் தூக்கமும் வரும். வோல்ஃப்ராம் பிள்ளைகளில் சிலருக்கு மூளைத்தண்டு பாதித்து மூச்சும் விழுங்குவதும் தடுமாறும் என்று படித்திருக்கிறேன். அந்த நிலையில் தசையைத் தளர்த்தும் மருந்தை வீட்டில் வைத்துக் கொடுப்பதை நினைத்தாலே மனசு கேட்கவில்லை.

அப்புறம், இந்தியாவில் இது வெகு காலமாக எளிதில் கிடைக்காத மருந்து. யாராவது "நான் வரவழைத்துத் தருகிறேன்" என்று இணையத்தில் சொன்னால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

---

சேலம் செல்வம் எழுதியது:

எல்லாரும் அந்தத் தாயைப் பயமுறுத்துகிறீர்கள். எனக்கு 68 வயது. என் பேத்திக்குப் பிறந்த இரண்டாம் மாதம் சர்க்கரை வந்தது. சோறு ஊட்டும் வயதுக்குள் எத்தனை ஊசி! மரபணுச் சோதனை செய்தார்கள், கேசிஎன்ஜே11 என்ற மரபணுவில் பிழை என்றார்கள். கிளிபென்கிளமைடு மாத்திரை கொடுத்தார்கள், இன்சுலினை நிறுத்தினார்கள். இன்றைக்கு அவள் பள்ளிக்கு ஓடுகிறாள். அதுவும் பழைய மருந்துதான், இரண்டாம் வகைச் சர்க்கரைக்காரர்கள் சாப்பிடுவது. அதற்கு வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்களா? அந்தப் பச்சைக் குழந்தைக்கு மட்டும் "மேலும் ஆராயலாம்" என்று சொல்லியிருந்தால் நாங்கள் எங்கே போயிருப்போம்?

பார்வை போய்க்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஆராய்ச்சி முடியும்வரை காத்திரு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

---

பீட்டாசெல் எழுதியது:

> அதற்கு வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்களா?

ஐயா, பேத்தி நன்றாக இருப்பதில் மிகுந்த மகிழ்ச்சி. நீங்கள் கேட்டதுதான் இந்த இழையின் சரியான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இல்லை, வெற்று மாத்திரை கொடுக்கவில்லை. 2004இல் பிரிட்டனின் எக்ஸிடர் குழு அந்த மரபணுவில் வரும் பிழைதான் காரணம் என்று கண்டது. 2006இல் அப்படிப்பட்ட 49 பேருக்குச் சல்ஃபோனில்யூரியா மாத்திரை (கிளிபென்கிளமைடு அந்த வகைதான்) கொடுத்த முடிவை வெளியிட்டார்கள். 44 பேர் இன்சுலினை முழுதாக விட்டுவிட்டார்கள். சென்னையில் மெட்ராஸ் டயபட்டிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனிலும் இப்படிக் குழந்தைகளை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

அங்கே ஒப்பீட்டுக் குழு ஏன் தேவைப்படவில்லை? பிறந்ததிலிருந்து இன்சுலின் இல்லாமல் பிழைக்க முடியாத குழந்தை, மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் ஊசியே வேண்டாம் என்ற நிலைக்கு வருகிறது. மருந்து கொடுக்காமல் விட்டால் இது தானாக நடக்க வழியே இல்லை. அந்த நோயில் பீட்டா செல் உயிரோடுதான் இருக்கிறது, பொட்டாசியம் போகும் கதவு ஒன்று மூடாமல் நிற்பதால் இன்சுலினை வெளியே விட முடியாமல் இருக்கிறது, மாத்திரை அந்தக் கதவையே நேராக மூடுகிறது. மாற்றம் பெரியது, உடனே தெரிகிறது, காரணமும் கண் முன்னால் இருக்கிறது.

வோல்ஃப்ராமில் செல் இறந்துகொண்டிருக்கிறது. இறந்த செல்லை எழுப்பும் மருந்து இவற்றில் எதுவும் இல்லை. இருக்கிறதை மெதுவாகக் காப்பாற்றுவதுதான் இலக்கு. "மோசமாவது நின்றது" என்று சொல்ல வேண்டுமென்றால், மருந்து இல்லாவிட்டால் எவ்வளவு மோசமாகியிருக்கும் என்று தெரிய வேண்டும். ஆறு மாதத்தில் ஒரு பிள்ளையின் பார்வை அப்படியே இருந்தால் மருந்தும் காரணமாக இருக்கலாம், அந்த ஆறு மாதம் நோயே நகராமல் நின்றிருக்கவும் கூடும். கண் பரிசோதனையில் இரண்டாம் தடவை எழுத்துகள் பழகிப்போவதும் உண்டு. பெற்றோரின் நம்பிக்கை பிள்ளையின் பதிலில் ஏறுவதும் உண்டு.

அதனால்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மருந்துச் சோதனைக்கு முன்பே, 2010 முதல், இந்த நோய் உள்ள பிள்ளைகளை ஆண்டுதோறும் வரவழைத்துக் கண், காது, மூளை ஸ்கேன், நடை, சமநிலை, சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் அளந்துவைத்தார்கள். மருந்து எதுவும் தராமல் வெறுமனே அளப்பதற்கா அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தோன்றும். அந்தக் குடும்பங்கள் போனார்கள், ஒவ்வோர் ஆண்டும் போனார்கள். இளம் வயதிலேயே மூளைத்தண்டு இயல்பைவிடச் சிறியதாக இருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கொடுத்த நேரத்தால் தெரிந்தது. இன்றைக்கு எந்த மருந்தைச் சோதித்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுகோல் அதுதான். எனக்கு இந்தத் துறையில் மிகவும் மரியாதை உள்ள மனிதர்கள் அந்தப் பெற்றோர்கள்.

---

சுடர்க்கொடி எழுதியது:

நான் முதல் வகை, 15 வருடமாக ஊசி போடுகிறேன். இந்தச் சோதனைகளில் சி-பெப்டைடு, சி-பெப்டைடு என்றே பேசுகிறார்களே, ஏன்? எங்களுக்கெல்லாம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைத்தானே பார்ப்பார்கள்?

---

பீட்டாசெல் எழுதியது:

உடல் தானாக இன்சுலின் தயாரிக்கும்போது கூடவே அதே அளவில் சி-பெப்டைடும் வெளியாகும். நாம் போட்டுக்கொள்ளும் ஊசியில் அது கிடையாது. அதனால் ரத்தத்தில் சி-பெப்டைடு இருந்தால் அது சொந்தக் கணையத்தின் கணக்கு. சோதனையில் ஒரு குறிப்பிட்ட சத்துப் பானத்தைக் குடிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டுப் பல தடவை ரத்தம் எடுத்து அது எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். சராசரிச் சர்க்கரையை ஊசியைக் கூட்டிக்கூடக் குறைத்துவிடலாம், சி-பெப்டைடை அப்படி ஏமாற்ற முடியாது.

வோல்ஃப்ராமில் முதல் வகையைவிட அதிக நாள் சி-பெப்டைடு மிச்சம் இருக்கும். இன்சுலின் தேவையும் குறைவாக இருக்கும். காப்பாற்றுவதற்கு ஏதோ மிச்சம் இருப்பதால்தான் சோதனைக்கே இடமிருக்கிறது.

---

பர்மிங்காம் செவிலி எழுதியது:

நான் இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறேன், யாழ்ப்பாணத்துப் பெண். இந்த ஊரில் தொடங்கிய இன்னொரு சோதனையைப் பற்றியும் சொல்ல வேணும் அக்கா.

பர்மிங்காமை மையமாக வைத்து, பேராசிரியர் திமோதி பாரெட் தலைமையில், சோடியம் வால்ப்ரோயேட் மருந்தை வோல்ஃப்ராமுக்குச் சோதிக்கத் தொடங்கினார்கள். வலிப்புக்கு எத்தனையோ ஆண்டுகளாகக் கொடுக்கும் அதே மருந்துதான். பிரிட்டனோடு பிரான்ஸ், ஸ்பெயின், போலந்து நாடுகளும் சேர்ந்தன. ஒரே நாட்டில் போதுமான நோயாளிகள் இல்லை என்பதுதான் காரணம். இதில் மூன்றில் இரண்டு பேருக்கு மருந்து, ஒருவருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று குடும்பத்துக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 36 மாதம். முக்கியமாக அளப்பது பார்வைக் கூர்மை.

மூன்று ஆண்டு என்பது ஒரு பிள்ளையின் வாழ்க்கையில் சின்னக் காலம் இல்லை. வெற்று மாத்திரை கிடைத்த பிள்ளையின் தாயாக என்னை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. ஆனால் செல்வம் ஐயா, வால்ப்ரோயேட்டைக் கர்ப்பத்தில் சாப்பிட்டால் குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் பாதிக்கும் என்பது உறுதியான விஷயம். கல்லீரலுக்கும் கேடு வரலாம். பயன் இல்லாத ஒரு மருந்தை, நல்லது செய்கிறது என்று நினைத்து, இந்த நோய் உள்ள பெண் பிள்ளைகளுக்கெல்லாம் ஆயுள் முழுக்கக் கொடுத்துவிட்டால் அந்தப் பாரம் யார் தலையில் விழும்? வெற்று மாத்திரை எடுத்துக்கொண்ட பிள்ளை மற்றப் பிள்ளைகளை அதிலிருந்து காக்கிறது. அப்படித்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எல்லாப் பதில்களையும் மகனுக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அவன் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிறான், நீளமாக இருந்தால் நான் படிப்பேன். "அந்தச் சோதனையில் என் வயசுப் பிள்ளைங்க இருந்தாங்களா, அவங்க இப்ப எப்படி இருக்காங்க" என்றுதான் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். உறவினர் இப்போது வேறு ஒரு பெயர் அனுப்பியிருக்கிறார், ஏஎம்எக்ஸ்0035. டான்ட்ரோலீனைவிட இது நல்லது என்கிறார். அதில் இருக்கும் டுட்கா என்பது இணையத்தில் சத்து மாத்திரையாகவே விற்கிறதாம், வாங்கி அனுப்பட்டுமா என்கிறார்.

இரண்டாவது, சொந்தத்தில் கட்டினதால்தான் பிள்ளைக்கு இப்படி என்று வீட்டிலேயே பேசுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஊசி போட்டுக்கொள்கிறான் என் மகன்.

---

மருந்துக்கடை முத்து எழுதியது:

சகோதரி, டுட்கா விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஏஎம்எக்ஸ்0035 என்பது இரண்டு மருந்துகள் சேர்ந்தது. ஒன்று சோடியம் ஃபீனைல்பியூட்டிரேட், ரத்தத்தில் அம்மோனியா ஏறும் பிறவி நோய்க்குக் கொடுப்பது. இன்னொன்று நீங்கள் சொன்ன டுட்கா, அது ஒரு பித்த அமிலம். இரண்டும் சேர்ந்து, சோதனையில் நிர்ணயித்த அளவில், கண்காணிப்போடு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இணையத்தில் வரும் டப்பாவில் ஒன்றுதான் இருக்கும், அதிலும் சொன்ன அளவு இருக்கிறதா என்று பார்ப்பவர் யாரும் இல்லை. சத்து மாத்திரை என்ற பெயரில் வருவதால் மருந்துக்கு இருக்கும் கட்டுப்பாடு அதற்கு இல்லை.

இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு ஒரு சோதனையில் சேர வாய்ப்பு வரும்போது அதுவே தடையாகிவிடலாம்.

---

பீட்டாசெல் எழுதியது:

முத்து அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏஎம்எக்ஸ்0035 சோதனைக்கு ஹீலியோஸ் என்று பெயர். அதுவும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில்தான் நடந்தது. 12 பேர், எல்லாரும் பெரியவர்கள், எல்லாருக்கும் மருந்து. 24 வாரத்துக்குப் பின் சி-பெப்டைடு கூடியது, சர்க்கரைக் கட்டுப்பாடும் முன்னேறியது என்று 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். பக்கவிளைவில் முக்கியமானது வயிற்றுப்போக்கு. இந்த நோயில் சி-பெப்டைடு காலப்போக்கில் குறையத்தான் வேண்டும், கூடியது என்றால் அது கவனிக்கத்தக்க செய்திதான். எனக்கும் நம்பிக்கை பிறந்தது, மறைக்கவில்லை.

ஆனால் இதே மருந்தின் இன்னொரு வரலாற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏஎல்எஸ் என்ற கொடிய நரம்பு நோய்க்கு 137 பேரிடம், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த சோதனையில் பயன் தெரிந்தது. 2022 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதியும் கொடுத்தது. அப்புறம் 664 பேரிடம் பெரிய சோதனை நடந்தது, அதில் வெற்று மாத்திரைக்கும் மருந்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2024 ஏப்ரலில் நிறுவனமே சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. வோல்ஃப்ராம் வேறு நோய், அங்கே தோற்றது இங்கேயும் தோற்கும் என்று சொல்ல மாட்டேன். ஒப்பீட்டுக் குழு இருந்த 137 பேரின் முடிவே நிற்கவில்லை என்றால், ஒப்பீடு இல்லாத 12 பேரின் முடிவை எவ்வளவு பத்திரமாகக் கையாள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மகன் கேட்ட கேள்விக்கு: ஆமாம், டான்ட்ரோலீன் சோதனையில் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் தாங்கிக்கொண்டதால்தான் மருந்தைப் பற்றி இவ்வளவாவது பேச முடிகிறது என்று அவனிடம் சொல்லுங்கள். 2020இல் அதே பல்கலைக்கழகத்தில், வோல்ஃப்ராம் நோயாளியின் தோல் செல்லை எடுத்து மூலச் செல்லாக்கி, மரபணுப் பிழையை வெட்டித் திருத்தி, இன்சுலின் சுரக்கும் செல்லாக வளர்த்து, சர்க்கரை நோய் உள்ள எலிகளுக்கு வைத்துச் சரிசெய்தார்கள். எலியில்தான் நடந்தது, மனிதனுக்கு வர வெகு தூரம். ஆனாலும் அவன் வயதுப் பிள்ளைக்கு இதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

அப்புறம் சொந்தத்தில் கட்டியதைப் பற்றி. பொதுவாகப் பெற்றோர் இருவரிடமும் இந்த மரபணுவில் பிழை ஒளிந்திருந்தால்தான் பிள்ளைக்கு இந்த நோய் வரும். உறவுக்குள் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடுகிறது, இது உண்மை. நம் பக்கத்தில் இதைப் பேசத்தான் வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால். உறவே இல்லாத பெற்றோருக்கும் இதே நோய் உள்ள பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பையன் காதுபட அதைக் குற்றமாகப் பேசுவதை உங்கள் வீட்டில் யாராவது ஒரு பெரியவர் நிறுத்த வேண்டும். அவன் ஊசி போட்டுக்கொள்ளும் நேரத்தில் அவன் பிறப்பையே தப்பு என்று கேட்கிறான். இது மருந்தைவிட அவசரமான விஷயம் என்று நினைக்கிறேன்.

---

சேலம் செல்வம் எழுதியது:

தம்பி விளக்கமாகச் சொன்னார். கதவு மூடாமல் நிற்கிறது, செல் சாகிறது, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இப்போது புரிகிறது. ஆனாலும் ஒன்றில் நான் மாறவில்லை. இவ்வளவு அரிய நோய்க்கு 600 பேர் எங்கே கிடைப்பார்கள்? கிடைக்க மாட்டார்கள். அப்படியென்றால் சட்டம் போடுகிறவர்கள் இதற்குத் தனி வழி யோசிக்க வேண்டும். கண்காணிப்போடு கொடுத்துப் பார், எல்லாவற்றையும் பதிந்து வை, பலன் இல்லையென்றால் நிறுத்து. அதையாவது செய்யலாமே?

அந்த வீட்டுப் பெரியவர்களிடம் பேச வேண்டுமென்றால் நான் தயார். சேலத்திலிருந்து திருநெல்வேலி ஒரு ராத்திரி பயணம்தான்.

---

பர்மிங்காம் செவிலி எழுதியது:

ஐயா, அந்தத் தனி வழி இல்லாமல் இல்லை. அரிய நோய் மருந்துக்கு ஊக்கம் தரும் சட்டம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறது. ஏஎம்எக்ஸ்0035க்கு வோல்ஃப்ராமுக்காக 2020இல் அமெரிக்கா அந்தத் தகுதியைக் கொடுத்தது. குறைந்த ஆட்களை வைத்துச் சோதிக்கவும் இடம் கொடுக்கிறார்கள். மூன்றில் இரண்டு பேருக்கு மருந்து என்று பிரிப்பதும் அந்த யோசனையில் வந்ததுதான்.

அக்கா, உங்களுக்கு ஒன்று. மகன் அடிக்கடி சிறுநீர் போகிறானா, இரவில் எழும்புகிறானா, சர்க்கரை சரியாக இருக்கும்போதும் தாகமா? அப்படியென்றால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சர்க்கரையோடு சம்பந்தமில்லாத நீரிழிவு ஒன்றும் இந்த நோயில் வரும். அதற்கு டெஸ்மோபிரெசின் என்ற நல்ல மருந்து இருக்கிறது, சோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சர்க்கரை கூடிவிட்டது என்று இன்சுலினை ஏற்றிக்கொண்டே போன வீடுகளை எனக்குத் தெரியும். காது கேட்கும் திறனையும் சிறுநீர்ப்பையையும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது பார்க்க வேணும். தூக்கத்தில் மூச்சுத் திணறல் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

இரவில் எழுந்திருப்பது உண்டு. நான் சர்க்கரை என்றே நினைத்திருந்தேன். நாளைக்கே கேட்கிறேன்.

செல்வம் ஐயா, உங்கள் வார்த்தையைப் படித்துவிட்டு என் மாமியார் நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மகனைத் தானே கூப்பிட்டுச் சாப்பிட வைத்தார். பயணம் வேண்டாம் ஐயா, ஆனால் பண்டிகைக்குப் பேத்தியோடு வாருங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். மகளுக்கு எட்டு வயது. நன்றாக இருக்கிறாள். அவளுக்கும் மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறார்கள். நான்கில் ஒரு பங்கு வாய்ப்பாம். தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன், மருந்துதான் இல்லையே என்று ஒரு மனசு. தெரியாமல் இருப்பது சரியா என்று இன்னொரு மனசு.

---

பீட்டாசெல் எழுதியது:

இதில் யாரும் உங்களுக்காக முடிவெடுக்க முடியாது அக்கா. மரபணு ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள். ஆனால் என் கருத்தைக் கேட்டால், செய்யலாம் என்பேன். மருந்து இல்லை என்றாலும் கவனிப்பு இருக்கிறது. சர்க்கரை வரும்போது மயங்கி விழுந்து அவசரப் பிரிவில் தெரிவதற்குப் பதில் முன்கூட்டியே பிடிக்கலாம். தண்ணீர்த் தாகத்தை உடனே புரிந்துகொள்ளலாம். அப்புறம், டான்ட்ரோலீன் சோதனையில் தெரிந்த ஒரே நல்ல குறி, பீட்டா செல் மிச்சம் இருப்பவர்களிடம் மாற்றம் தெரிந்தது என்பதுதான். எந்த மருந்து நாளைக்கு ஜெயித்தாலும், செல் இருக்கும்போது தொடங்கியவர்களுக்குத்தான் அதிகப் பயன் இருக்கும் என்று நினைக்கிறேன். அவளுக்கு இல்லை என்று முடிவு வந்தால், ஒவ்வொரு முறை அவள் தண்ணீர் கேட்கும்போதும் நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

சோதனை வாய்ப்பு வந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனை எதுவாக இருந்தாலும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அதை யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். சோதிக்கப்படும் மருந்துக்கும் அதற்கான பரிசோதனைகளுக்கும் உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம், பெற்றோர் கையெழுத்து போக, அவர்கள் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விதி. 12 வயதுக்கு மேல் எழுத்தில் வாங்க வேண்டும். மகன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், நடுவில் விலகவும் அவனுக்கு உரிமை உண்டு.

வாஷிங்டன் பல்கலைக்கழகம் உலகம் முழுக்க வோல்ஃப்ராம் நோயாளிகளின் பதிவேடு ஒன்றை வைத்திருக்கிறது. உங்கள் மருத்துவர் மூலம் அதில் சேர்வதைப் பற்றிக் கேளுங்கள். மருந்து கிடைக்கும் என்று நினைத்துச் சேர வேண்டாம். சோதனை வரும்போது உங்களைத் தேடிப்பிடிக்க வழி இருக்கும்.

இப்போதைக்கு மகனின் இன்றைய நிலையை எல்லாம் அளந்து ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்: பார்வைக் கூர்மை, நிறப் பார்வை, பார்வை நரம்பின் ஓசிடி படம், காது சோதனை, மூளை எம்ஆர்ஐ, சி-பெப்டைடு.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

சி-பெப்டைடு வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமா, சாப்பிட்ட பிறகா? இங்கே பரிசோதனைக் கூடத்தில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

---

பீட்டாசெல் எழுதியது:

இரண்டும் எடுத்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் சாப்பிட்ட பிறகு எடுப்பதில் அதிகம் தெரியும், நேரத்தை மருத்துவர் சொல்வார். எப்போது எடுத்தாலும் அதே ரத்தத்தில் சர்க்கரை அளவையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரை தாழ்ந்திருக்கும் நேரத்தில் சி-பெப்டைடும் குறைத்துத்தான் காட்டும், அதைப் பார்த்துக் கணையம் ஓய்ந்துவிட்டது என்று பயந்துவிடக் கூடாது. அறிக்கையில் அளவீட்டு அலகு என்ன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கூடமும் ஒவ்வொன்றைப் போடும். அடுத்த ஆண்டும் முடிந்தவரை அதே கூடத்திலேயே எடுங்கள்.